சொந்த ட்ரக் ஓட்டும் வாடிக்கையாளர்களுக்கு: லோடு இல்லாத நேரத்துக் காப்பீடு பற்றி ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஓட்டுநர் ஒருவர், அவருடைய கேரியர், அதாவது அவருக்கு லோடு கொடுக்கும் சரக்குப் போக்குவரத்து நிறுவனம், வாரந்தோறும் கொடுக்கும் செட்டில்மென்ட் தாளை (வரவு, பிடித்தக் கணக்கை) மேசைமேல் விரித்து, டீசல், டோல் ஆகிய பிடித்தங்களுக்குக் கீழே இருந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். ‘பாப்டெயில்’ என்ற காப்பீட்டின் பெயர் மட்டும் அதில் அச்சாகியிருந்தது. மூன்று ஆண்டுகளாகப் பணம் பிடிக்கிறார்கள், பாலிசியைக் கண்ணால் பார்த்ததில்லை என்றார். உங்களில் பலருடைய நிலையும் இதுதான் என்பதால், அவருக்குச் சொன்னதையே உங்கள் அனைவருக்கும் எழுதுகிறோம்.

அமெரிக்காவில் மாநில எல்லைகளைத் தாண்டி வாடகைக்குச் சரக்கு ஏற்றும் கேரியர், தன் பெரிய வண்டிகளால் பிறருக்கு நேரும் சேதத்துக்காகக் குறைந்தது 7,50,000 டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி அரசின் விதி. ஆபத்தான சில சரக்குகளுக்கு இத்தொகை 50 லட்சம் டாலர் வரை உயரும். உங்கள் ட்ரக்கை ஒரு கேரியருக்கு லீஸுக்கு விட்டு, அவர்கள் கொடுக்கும் லோடை ஏற்றி ஓடும்வரை இந்தக் காப்பீடு உங்களுக்கும் நிழல் தரும். ஆனால் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே ட்ரக்கில் காய்கறி வாங்கப் போகும்போது வாகன நிறுத்துமிடத்தில் ஒரு காரை இடித்துவிட்டால், ‘அது எங்கள் வேலையாக நடந்த ஓட்டம் இல்லை’ என்று கேரியரின் காப்பீட்டு நிறுவனம் விலகிக்கொள்ள இடம் உண்டு. அந்த இடைவெளியை அடைப்பதற்காக வந்ததுதான் லோடு இல்லாத நேரத்துக்கான பொறுப்புக் காப்பீடு.

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் பாப்டெயில் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் லோடு இல்லாத நேரத்துக் காப்பீட்டில் இருவேறு பாலிசிகள் உண்டு. ட்ரெய்லர் பூட்டப்படாமல் ட்ரக் மட்டும் ஓடுகிறதா என்று பார்ப்பது பாப்டெயில் பாலிசி. ட்ரெய்லர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டி அந்த நேரத்தில் யாருடைய காரியமாக ஓடியது என்று பார்ப்பது மற்றொன்று. லோடை இறக்கிவிட்டு, அடுத்த லோடை எடுக்க ட்ரக்கை மட்டும் ஓட்டிக்கொண்டு போகும்போது விபத்து நேர்ந்தால், அது பொதுவாகக் கேரியரின் காரியமாகவே கருதப்படும் என்பதால், இரண்டாவது வகைப் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு அதிலிருந்து பணம் வராது.

எங்கள் அனுபவத்தில் ஓட்டுநர்கள் மிகவும் ஏமாந்துபோகும் இடம், வேலை நேரத்தைப் பதியும் எலெக்ட்ரானிக் லாக்தான். லாக்கில் ‘ஆஃப் டியூட்டி’ என்று இருந்தால் காப்பீட்டிலும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிவிடுகிறோம். 2018-இல் கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட விளக்கத்தின்படி, சொந்தக் காரியமாக ஓட்டும் நேரத்தை, வண்டியில் சரக்கு இருந்தாலும்கூட, ஆஃப் டியூட்டி என்று பதியலாம். கேரியரின் வண்டி நிலையமான டெர்மினலிலிருந்து வீட்டுக்குப் போகும் ஓட்டத்தையும் அப்படிப் பதியலாம். அந்த விளக்கம் ஓட்டுநரின் வேலை நேர, ஓய்வு நேரக் கணக்குக்காக எழுதப்பட்டது; காப்பீட்டுப் பாலிசியின் வாசகத்தை அது மாற்றாது. லோடை இறக்கிவிட்டு வீடு திரும்பும் ஓட்டம் யாருடைய காரியம் என்பதில் வெவ்வேறு மாநில நீதிமன்றங்கள் வெவ்வேறாகத் தீர்ப்பளித்திருக்கின்றன. ட்ரக்கைப் பழுதுபார்க்க ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதிலும் இதே சிக்கல் உண்டு. அதை ஆஃப் டியூட்டி என்று பதிய முடியாது என்று அந்த விளக்கமே சொல்கிறது. காப்பீட்டு நிறுவனமும், வண்டி ஓடினால்தான் கேரியருக்கு வேலை நடக்கும், ஆகவே இது கேரியரின் காரியம் என்று வாதிட முடியும்.

இவற்றில் எந்தப் பாலிசியும் உங்கள் ட்ரக்குக்கு ஏற்படும் சேதத்துக்கோ, ஏற்றிய சரக்குக்கோ, உங்கள் சொந்தக் காயத்துக்கோ பணம் தராது. அவற்றுக்குத் தனிப் பாலிசிகள் உள்ளன. கேரியருக்கான உரிமத்தைச் சொந்தமாக எடுத்து ஓடுபவர்களுக்கும் இவை பொருந்தா. அவர்களுக்கு முழுமையான பொறுப்புக் காப்பீடே வேண்டும். இந்த வகைப் பாலிசிகள் பெரும்பாலும் லீஸ் நடப்பில் இருக்கிறது என்ற அடிப்படையிலேயே எழுதப்படுவதால், ஒரு கேரியரை விட்டு அடுத்த கேரியரிடம் சேருவதற்குள் வரும் நாட்களில் வண்டியை எடுக்கும் முன் எங்களுக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

செட்டில்மென்ட் தாளில் இருந்த அந்த ஒற்றை வரிக்கு வருவோம். கூட்டாட்சி விதித் தொகுப்பின் 49-ஆம் தலைப்பு, 376-ஆம் பகுதி, 12-ஆம் பிரிவு இதைப் பற்றியே பேசுகிறது. பாப்டெயில் போன்ற காப்பீட்டை யார் வாங்க வேண்டும் என்பதும், அதற்காகக் கேரியர் உங்களிடம் பிடிக்கும் தொகை எவ்வளவு என்பதும் லீஸில் எழுதப்பட்டிருக்க வேண்டும். காப்பீட்டைக் கேரியர் வழியாக வாங்கியிருந்தால், நீங்கள் கேட்டால் பாலிசியின் நகலை அவர்கள் கொடுத்தாக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், தொடங்கும் நாள், தொகை, உங்கள் பங்குச் செலவு, விபத்து நேர்ந்தால் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை ஆகியவை அடங்கிய சான்றிதழையும் உங்களுக்குத் தர வேண்டும். இதைக் கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை. வாரந்தோறும் போவது உங்கள் பணம்.

இம்மாத இறுதிக்குள் உங்கள் லீஸ், கடைசி நான்கு செட்டில்மென்ட் தாள்கள், கையில் இருந்தால் பாலிசியின் நகல் ஆகியவற்றுடன் ஒருமுறை நேரில் வாருங்கள். உங்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம். இதற்குக் கட்டணம் கிடையாது. அதற்குள் விபத்து ஏதும் நேர்ந்துவிட்டால், அன்று லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சரிடமிருந்து வந்த குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள். கடைசி லோடை இறக்கிய நேரம், அடுத்த லோடு ஒதுக்கப்பட்ட நேரம் ஆகிய இரண்டையும் குறித்து வையுங்கள். கேரியரின் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தகவல் கொடுங்கள். ஒரு நிறுவனம் மறுத்த பிறகு மற்றதிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், தாமதத்தையே காரணம் காட்டி அவர்களும் மறுக்கக்கூடும்.

இப்படிக்கு,
உங்கள் காப்பீட்டு அலுவலகத்தார்