குலுக்கிப் போட்டால் சமமாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழ் சதுரங்கப் பக்கத்தில், பின்வரிசைக் காய்களைக் குலுக்கல் முறையில் அடுக்கி ஆடும் பிஷர் ரேண்டம் பற்றி எழுதியவர், "காய்களைக் குலுக்கிப் போடுவதால் இருவருக்கும் சம வாய்ப்பு" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது.

குலுக்கல் ஒழிப்பது தொடக்க நகர்த்தல்களின் மனப்பாடத்தைத்தான். கறுப்பு, வெள்ளைக்கு நேரெதிரே அதே வரிசையில் நிற்பதால் காய்கள் சமம். முதல் நகர்த்தல் மட்டும் எப்போதும் வெள்ளைக்கே. அந்த அனுகூலம் எல்லா நிலையிலும் ஒரே அளவல்ல. வெள்ளையின் இடது மூலையான ஏ1-இலிருந்து பிஷப், ராணி, யானை, பிஷப், ராஜா, குதிரை, குதிரை, யானை என்று அடுக்கிப் பாருங்கள். பி2 சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியதும் ஏ1 பிஷப் ஜி7 சிப்பாயைக் குறிவைக்கிறது. அந்தச் சிப்பாய்க்குக் காவல் இல்லை, அதன் பின்னால் எச்8-இல் யானை வேறு. கறுப்பு தன் முதல் நகர்த்தலிலேயே பதில் தேட வேண்டும். வழக்கமான ஆட்டத்தில் தொடக்கத்தில் காவலில்லாத சிப்பாய் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே ஒரு நிலைக்கு ஒரே ஆட்டம் என்றால், நிறம் விழுந்தவன் பாடு அதிர்ஷ்டம். அதே நிலையில் நிறம் மாற்றி இரண்டாவது ஆட்டம் வைத்தால்தான் கணக்கு நேராகும்.

குலுக்குவதிலும் கோளாறு உண்டு. பகடை முறை இது: பிஷப்புக்கு 1 முதல் 4 வரை, 5, 6 விழுந்தால் மறுபடி. கறுப்புக் கட்டத்துக்கு ஒருமுறை, வெள்ளைக் கட்டத்துக்கு ஒருமுறை. மிச்சமுள்ள ஆறு கட்டத்தில் ராணி, ஐந்தில் ஒரு குதிரை, நான்கில் மற்றது. மீதி மூன்றில் யானை, ராஜா, யானை. பிஷப்களுக்கு நான்கு நான்காக 16, ராணிக்கு 6, குதிரைகள் இரண்டும் ஒன்றுபோல் என்பதால் 20-இல் பாதி 10; பெருக்கினால் 960. எட்டுக் காயையும் பையில் போட்டு எடுப்பவர்கள், ராஜா யானைகளுக்கு வெளியே வந்தால் இடம் மாற்றிக்கொள்கிறார்கள்; அதனால் பாதகமில்லை. ஆனால் இரண்டு பிஷப்பும் ஒரே நிறக் கட்டத்தில் விழுந்தால் ஒன்றைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்துகிறார்களே, அங்கேதான் வினை: பிஷப்கள் ஒட்டி நிற்கும் நிலைகள் அரிதாகிவிடும். முழுவதையும் கலைத்து மறுபடி எடுக்க வேண்டும். எத்தனையோ போட்டிகளில் இதைச் சொல்லி வாய் வலித்தது.

பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. "960 புதிய நிலைகள்" என்று முன்பு அச்சிட்டீர்கள். அவற்றில் ஒன்று நம் பழைய நிலையேதான், 0 முதல் 959 வரையான வரிசையில் எண் 518. பிறகு, இடவலம் மாறிய ஜோடிகளை ஒன்றாக எண்ணினால் 480தான் என்று ஒரு மேதாவி. ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம்பெயரும் கேஸ்லிங்கில் ராஜா போய் நிற்பது சி அல்லது ஜி வரிசையில், யானை டி அல்லது எஃப் வரிசையில். இது இடவலம் ஒத்துப்போகாது, அதனால் அந்த 480 பொய். "ராஜா இரண்டு கட்டம் தாண்டும்" என்று எழுதியதையும் மறக்கவில்லை. ராஜா ஜி1-லேயே இருந்தால், ஜி பக்கக் கேஸ்லிங்கில் அவர் அசைவதே இல்லை, யானை மட்டும் வரும். வாயால் சொல்லிவிட்டு, ராஜாவைப் பலகைக்கு வெளியே எடுத்துவைத்து, யானையை நகர்த்தி, பிறகு ராஜாவை வைத்தால் தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும் என்ற தகராறு வராது. இதற்கெல்லாம் தங்கள் பக்கத்தில் இடமில்லை போலும். வெள்ளையாக இருக்கவேண்டிய வலது கீழ் மூலையில் கறுப்புக் கட்டம் போட்ட படத்துக்கு மட்டும் அரைப் பக்கம் இருந்தது.

1996இல் ப்யூனஸ் அயர்ஸில் பாபி பிஷர் இந்த ஆட்டத்தை அறிவித்தார். இன்னும் விதியைச் சரியாக அச்சிட முடியவில்லை என்றால் அது அவர் குற்றமாகாது.

கேட்பது பெரிதல்ல. இனி ஒவ்வொரு ஆட்டத்தின் மேலும் தொடக்க நிலை எண்ணைப் போடுங்கள், நிறம் மாற்றி ஆடினார்களா என்று ஒரு சொல் சேருங்கள். இடம் போதவில்லையென்றால் அந்த "சம வாய்ப்பு" வரியை எடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
சதுரங்கப் பக்கத்தை மட்டும் முதலில் திறக்கும் வாசகன்