தூக்கத்தைத் திருப்பித் தந்தவர்களுக்கு

நீடாமங்கலம் பக்கத்து ஊராருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

டீக்கடை வாசலில் மாரடைப்பு வந்து நான் மூச்சுப்பேச்சில்லாமல் விழுந்தபோது நெஞ்சை அழுத்திய கல்லூரித் தம்பி, ஷாக் கொடுத்து இதயத்தை ஓடவைத்த 108 ஊழியர்கள், தஞ்சாவூரில் அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்த மருத்துவர்கள், எல்லோருக்கும் நேரிலேயே கைகூப்பிவிட்டேன். இந்த மடல் அதற்குப் பிறகு நடந்ததற்காக.

பயமே வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடமாட்டேன். மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணிக்கொண்டே கிடந்து பொழுது விடிந்துவிடும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் திண்ணையைத் தாண்டியதில்லை. மேட்டூர் திறந்து வெண்ணாற்றில் தண்ணீர் வந்தும் நாற்றங்கால் பக்கம் போகவில்லை. பார்க்க வந்த சிலர் வேறு, இன்னாருக்கு இரண்டாவது தடவை வந்துதான் போனார் என்று ஆறுதல் சொன்னார்கள்! அவர்களுக்கும் நன்றி, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மட்டும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் பார்க்க வரும் தங்கச்சிதான் முதலில் கண்டுபிடித்தது. "பிரஷர் நல்லாத்தாண்ணே இருக்கு, நீங்கதான் நல்லால்ல" என்று சொல்லி, 14416க்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தது. மனநல ஆலோசனைக்கான இலவச எண் அது, ராத்திரியிலும் எடுக்கிறார்கள். பேசிய அம்மா "பயப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போது வருகிறது, அப்போது என்ன செய்கிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாரடைப்பில் பிழைத்த பலருக்கும் இது வரும், செக்கப்பில் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன், நெஞ்சு வலிப்பதையும் சேர்த்து. இதய மருத்துவர் என் நெஞ்செலும்பு ஓரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தி, "இந்த வலிதானே?" என்றார். அதேதான். உயிரைக் காப்பாற்ற நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் அழுத்தியதில் விலா எலும்புகள் பட்ட பாடாம், ஆற வாரக்கணக்கில் ஆகுமாம். ஆனால் நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் பதற்றமா வேறா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் உடனே 108ஐக் கூப்பிடச் சொன்னார். மனநல மருத்துவரிடமும் அனுப்பினார். "பைத்தியமா பிடிச்சிருக்கு, அங்கெல்லாம் எதுக்கு?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு என் மனைவி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணன் தினமும் ஆற்றங்கரையில் என்னோடு நடந்தார். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், வாயை ஓயவிடாமல் கேள்வி கேட்பார். பாதி நெல் விலை பற்றி. அதற்கும் படபடப்பு வரவில்லை என்றால் பாருங்கள்.

பயம் மொத்தமும் போய்விடவில்லை. ஆனால் தூங்குகிறேன், தாழ்ப்பாளும் போடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு அலைந்ததற்கு ஒரு ரூபாய் வாங்காத அண்ணே, சம்பா அறுத்ததும் ஒரு மூட்டை உங்கள் வாசலில் இறங்கும். திருப்பி அனுப்பினால் அண்ணியிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
கீழத்தெரு விவசாயி