நவம்பர் 23: அக்காவுக்கு ஒரு கடிதம்

அக்கா,

இன்று அங்கே ஜார்ஜியாவில் கியோர்கோபா, புனித ஜார்ஜ் திருநாள். ஆறு வருடமாக இந்தத் தேதியில் உங்களுக்கு ஒரு செய்தி எழுதுவதும் அழிப்பதுமாகவே இருந்தேன். போன வாரம் கடைசியில் அனுப்பியே விட்டேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. எண்ணை மாற்றிவிட்டீர்கள் போல. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் இருவரையும் தெரிந்த நாலைந்து பேர் இதைப் படிப்பார்கள். எனவே நாம் வேலை செய்த பயணிகள் ஹாஸ்டலின் பெயரும் தெருவும் வேண்டாம். எந்த விசாவில் என்னென்ன செய்தோம் என்பதும் வேண்டாம். முப்பத்தெட்டு வயதில் நீங்கள் ஏன் தனியாக திபிலீசிக்கு வந்தீர்கள் என்று கந்தகக் குளியல் பக்கம் நடந்த அந்த இரவில் சொன்னீர்களே, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மாவும் படிப்பாள். ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்ததாகத்தான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். கழிப்பறை கழுவினேன் என்று இப்போது தெரியட்டும்.

ஆறு வருடத்துக்கு முன் இதே நாள். மேல்மாடி மரப் பால்கனி. இரண்டு நாளாகக் காயாத பெட்ஷீட்டுகள். ஒரு முனை உங்கள் கையில், மறுமுனை என் கையில். காலையில் பதினெட்டுப் பேர் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள், மாலைக்குள் அடுத்த பதினெட்டுப் பேர் வருகிறார்கள். முதலாளி படியேறி வந்தார். நீங்கள் நோட்டைத் திறந்தீர்கள். தங்கும் படுக்கைக்குப் பதிலாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வேலை, வாரத்துக்கு ஐந்து நாள் என்றுதானே பேசி வந்தோம், போன வாரம் 41 மணி நேரம் ஆகியிருக்கிறது என்று குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள். அவர் உங்களைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். உனக்கும் அப்படித்தானா என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை என்றேன்.

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். கையில் இருந்த ஷீட்டை மடிக்கத் தொடங்கினீர்கள். நான் என் முனையை விட்டிருந்தேன், அது தரையில் கிடந்தது. குனிந்து அதையும் எடுத்து, உதறி, நாலாக மடித்து, அடுக்கின் மேல் வைத்தீர்கள். ஓரம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை கையால் தடவிப் பார்த்தீர்கள். அப்புறம்தான் படி இறங்கினீர்கள்.

மன்னித்துவிடுங்கள் அக்கா. மற்றதைச் சொல்லும் முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

என் கையில் அன்று அந்த ஊர்ப் பணத்தில் 310 லரி இருந்தது. ஊர் திரும்பும் டிக்கெட் டிசம்பர் 16-க்கு. இடையில் 23 இரவுகள். வெளியே, பலர் சேர்ந்து தங்கும் டார்மில் ஒரு படுக்கை இரவுக்கு எப்படியும் 25 லரி. மொத்தம் 575. அவர் கேள்வி கேட்டு நான் வாய் திறப்பதற்குள் இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டு முடித்துவிட்டேன். டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றும் கட்டணம் அதைவிட அதிகம். அதை முந்தின வாரமே ரகசியமாகப் பார்த்து வைத்திருந்தேன். ஆமாம், எனக்கும் அங்கே தாங்க முடியவில்லை. அப்படியிருந்தும் உங்கள் முன்னால் நின்று அப்படிச் சொன்னேன்.

ஆனால் நீங்கள் என்னைக் கேட்டீர்களா? என் மணிக்கணக்கையும் சேர்த்து எழுதினீர்கள், எனக்காகவும் சேர்த்துப் பேசினீர்கள். பேசப் போகிறேன் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்கள் பையில் கார்டு இருந்தது. அன்று மாலையே வேறு இடத்தில் அறை எடுத்தீர்கள், மறுநாள் பதூமிக்கு ரயில் ஏறிவிட்டீர்கள். நியாயம் பேசிவிட்டு எழுந்து போக உங்களுக்கு ஓர் இடம் இருந்தது. நம்மோடு இருந்த ஜெர்மன் பையனுக்கும் அப்படித்தான். அவன் நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு விசாவே தேவையில்லை, ஒரு வருடம் வரை தங்கலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெரு ஹாஸ்டலுக்குப் போவான். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவள். இதெல்லாம் தெரிந்தும் என்னை அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்தினீர்கள் என்ற கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

நீங்கள் சொன்னது சரி என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 1971-இல் லண்டனில் செயலாளராக இருந்த சூ காப்பார்ட் என்ற பெண், வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்குப் போய் உழைக்க ஆள் சேர்த்ததையும், அப்படித்தான் வூஃப் என்ற அமைப்பு பிறந்ததையும் எனக்குச் சொன்னதே நீங்கள்தான். பண்ணைக்காரர் நமக்கு முன்னால் குனிந்து களை எடுப்பார், பக்கத்தில் நாமும் எடுப்போம், சாயந்திரம் ஒரே மேசையில் சாப்பாடு, அது கூடமாட ஒத்தாசை என்றீர்கள். பதினெட்டுப் படுக்கைக்கும் வாடகை வாங்கிக்கொண்டு, அதை விரிக்கச் சம்பள ஆள் வைக்காமல் நம்மை வைத்திருப்பதற்கு வேறு பெயர் என்றீர்கள். அப்போது பிரசங்கமாகப் பட்டது. நீங்கள் போன மறுநாள் உங்கள் ஷிஃப்டும் என் தலையில் விழுந்தபோது புரிந்தது. எத்தனை மணி நேரம் செய்தேன் என்று தெரியாது. எழுதி வைக்க ஆள் இல்லை.

சமையலறை மேல்தட்டில் உங்கள் புளிக்காய்ச்சல் பாட்டில் இருந்தது. மறந்துவிட்டுப் போனீர்களா, எனக்கென்று வைத்துவிட்டுப் போனீர்களா? பதினொரு நாள் அதை வைத்துத்தான் சாப்பிட்டேன். அரிசி தீர்ந்த பிறகு, மூலைக்கடை அடுப்பிலிருந்து சுடச்சுட வரும் ஷோத்தி ரொட்டியில் தடவிக்கொண்டேன். கடைசி நாள் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் குடித்தேன். வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போயிருப்பீர்கள் என்று தோன்றும்போதெல்லாம் அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

கிளம்பும்போது ஹாஸ்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன். சொந்த வீடு போல இருந்தது என்று எழுதினேன். எதற்கும் முகம் சுளிக்காதவள் என்று முதலாளி என்னைப் பற்றி எழுதினார். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் அடுத்த இரண்டு ஊர்களில் எனக்கு இடம் கிடைத்தது. இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் முன்னால் திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் செய்தி அனுப்பினாள். அதே ஹாஸ்டல். "நம்ம ஊர் அக்கா ஒருத்தங்க நல்லா எழுதியிருக்கீங்க, அதான் தைரியமா இருக்கு. போகலாமா அக்கா?" என்று கேட்டாள். அன்று இரவு நான் தூங்கவில்லை. விடிந்ததும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், உங்கள் பெயரைத் தவிர. எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, எந்த நாள் விடுப்பு என்று போகும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள் என்றேன். இரண்டு வாரம் காசு கொடுத்துத் தங்குவதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வை, அதைத் தொடாதே என்றேன். கையில் காசு வாங்காவிட்டாலும், படுக்கைக்குப் பதிலாகச் செய்வதையும் வேலை என்றே பார்க்கிற நாடுகள் உண்டு, விசா விதியை நீயே படித்துப் பார் என்றும் சொன்னேன். எந்த இடத்துக்கும் போகாதே என்று சொல்லவில்லை. எனக்கு அந்த ஊர் பிடித்திருந்தது, உங்களோடு நடந்த அந்தத் தெருக்கள் பிடித்திருந்தன.

அவள் ஒன்றே ஒன்று திருப்பிக் கேட்டாள். "உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு அக்கா?"

உங்களுடையது 41. அது நினைவிருக்கிறது. என்னுடையதை நோட்டின் வலதுபக்கம் பச்சை மையில் எழுதுவீர்கள், நான் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. முதல் வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து, என் பாத்ரூம் ஷிஃப்ட் மூன்றையும் நீங்களே பார்த்தீர்களே, அந்த மூன்று நாளை யார் பெயரில் எழுதினீர்கள் என்பதும் தெரியாது.

நோட்டைத் தூக்கிப் போடவில்லை என்றால், அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கூடவே எதுவும் எழுத வேண்டாம். என் எண் மாறவில்லை.