சான் டியேகோவில் இருக்கும் மகளுக்கு, யானைகளைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். ஸ்காபரோவில் குளிர் தொடங்கிவிட்டது.

பேரனை யானை பார்க்க சஃபாரி பார்க்குக்குக் கூட்டிப் போகப் போவதாகவும், வருடாந்தப் பாஸ் எடுக்க யோசிப்பதாகவும் சொன்னாய். நான் பேச்சை மாற்றியது உனக்குக் குறை என்று அம்மா சொன்னார். யானை விஷயம் என்றால் எனக்குத் தொலைபேசியில் சுருக்கமாகப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 14 காலை உங்கள் பக்கம் 5.2 அளவில் நிலநடுக்கம் வந்ததே, அன்று அந்தப் பூங்காவில் பதிவான காணொளியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். வெயிலில் நின்ற யானைகள் முதலில் நாலாபுறமும் ஓடுகின்றன. அடுத்த கணமே ந்துலூலா, உம்ங்கானி, கோசி என்ற மூன்று பெரிய பெண் யானைகளும் வெளியே முகம் காட்டி, காதுகளை விரித்து, 2018இல் பிறந்த இரண்டு குட்டிகளைச் சுற்றி நின்றுவிடுகின்றன. மக்காயா என்ற பெண் குட்டி நடுவில் ஒதுங்கிக்கொள்கிறது. ஸூலி என்ற ஆண் குட்டிக்கு உள்ளே போக மனமில்லை, ஓரத்திலேயே நிற்கிறது. கோசி தன் துதிக்கையால் அதன் முதுகில் தட்டுகிறாள், முகத்தில் தட்டுகிறாள். ஸூலியைப் பெற்றவள் ந்துலூலா. கோசி அவனை வளர்க்கக் கை கொடுத்தவள். அதைப் பார்க்கும்போது உன் பெரியம்மா உன்னை வளர்த்த விதம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இதைப் பேரன் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்தக் கூட்டம் அங்கே எப்படி வந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ந்துலூலாவும் உம்ங்கானியும் ஆப்பிரிக்கக் காட்டில் பிறந்தவை. அப்போது சுவாசிலாந்து என்றிருந்த இன்றைய எஸ்வாட்டினியிலிருந்து 2003 ஓகஸ்டில் பதினொரு யானைகளை விமானத்தில் ஏற்றினார்கள். ஏழு சான் டியேகோவுக்கு, நான்கு புளோரிடாவின் தம்பாவுக்கு. யானைகள் மரங்களை அழிக்கின்றன, வெளிநாட்டுக்கு அனுப்பாவிட்டால் சுட்டுத்தான் குறைக்க வேண்டும் என்றார்கள். விலங்குநல அமைப்புகள் அமெரிக்க நீதிமன்றம்வரை போயும் தடுக்க முடியவில்லை. ந்துலூலா வரும்போதே வயிற்றில் குட்டி இருந்தது. 2004 பெப்ரவரியில் வுஸ்முசி பிறந்தான். பிறகு அவனைக் கலிபோர்னியாவிலேயே உள்ள ஃபிரெஸ்னோவுக்கு அனுப்பினார்கள்.

புதியவை வருவதற்கு இடம் வேண்டும் அல்லவா? அதே பூங்காவில் அதற்குமுன் பீச்சஸ், தத்திமா, வாங்கி என்று மூன்று ஆப்பிரிக்க யானைகள் இருந்தன. அவற்றை 2003இல் சிக்காகோவின் லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பினார்கள். கலிபோர்னியா வெயிலில் பழகிய யானைகள். 2004 ஒக்டோபருக்கும் 2005 மே மாதத்துக்கும் இடையில் மூன்றுமே இறந்துவிட்டன. வாங்கியை அங்கிருந்தும் மாற்றி சோல்ட் லேக் சிட்டிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்ததும் அதன் கதை முடிந்தது. குளிர்தான் கொன்றது என்று நான் சொல்லவில்லை, நோயும் முதுமையும் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆனால் பழகிய இடத்திலிருந்து அவற்றை இடம்பெயர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை. இடம்பெயர்வது என்றால் என்னவென்று நம் வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நம் ஊர்க் கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். நீ சிறுமியாக இருந்தபோது என் தோளில் ஏறிப் பார்த்த யானைகள் இப்போது ரொறன்ரோ மிருகக்காட்சிசாலையில் இல்லை. 2006 முதல் 2009 வரை நான்கு யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. இரிங்கா, டோக்கா, திக்கா மூன்றும் மிஞ்சின. திக்கா இங்கேயே பிறந்தவள். 2011 ஒக்டோபரில் நகரசபை அவற்றைக் கலிபோர்னியாவில் உள்ள ஒரு யானைச் சரணாலயத்துக்கு அனுப்பத் தீர்மானித்தது. நிபுணர்களைக் கேட்காமல் அரசியல்வாதிகள் முடிவெடுத்தார்கள் என்று அமெரிக்க மிருகக்காட்சிசாலைச் சங்கம் ரொறன்ரோ மிருகக்காட்சிசாலையின் அங்கீகாரத்தையே பறித்தது. இரண்டு வருட இழுபறிக்குப் பிறகு, 2013 ஒக்டோபரில்தான் லொறிகளில் ஏற்றினார்கள். செலவை ஏற்றவர் தொலைக்காட்சிப் புகழ் பாப் பார்க்கர். இரிங்கா 2015இல் அங்கே இறந்தாள். ஆனாலும் அந்தத் தீர்மானம் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கனடாப் பனிக்காலத்தை ஆப்பிரிக்க யானை கொட்டிலுக்குள் நின்று கழிப்பது வாழ்க்கை ஆகாது.

இப்படி ஒவ்வொரு ஊராக யானைக் கொட்டில்கள் மூடப்படுகின்றன. இருக்கிற இடங்களிலும் பிறப்பு இறப்பை ஈடுசெய்வது பெரும்பாடு. சினை தங்கினால் இருபத்திரண்டு மாதம் சுமக்க வேண்டும். அடைபட்ட பெண் யானைகள் பலவற்றுக்கு இனப்பெருக்கச் சுழற்சியே நின்றுவிடுகிறது. இளவயதில் ஈனாதவற்றுக்குக் கருப்பையில் கட்டிகள் வருகின்றன. 2000இல் இண்டியானாபொலிஸில் செயற்கைக் கருவூட்டல் முறையில் முதல் ஆப்பிரிக்க யானைக்குட்டி பிறந்தபோது பெரிய சாதனையாகப் பேசினார்கள். சாதனைதான். ஆனால் எண்ணிக்கையை நிமிர்த்த அது போதவில்லை.

2008இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வைப் பற்றி வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 16.9 வருடம். கென்யாவின் அம்போசெலியில் இயற்கையாக இறந்தவற்றுக்கு 56 வருடம். மனிதர் கொன்றவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் 35.9. அதற்குப் பிறகு பராமரிப்பு நன்றாக மேம்பட்டிருக்கிறது, ஆயுளும் கூடியிருக்கிறது என்று புதிய ஆய்வுகள் சொல்கின்றன. அந்த உழைப்பை நான் மறுக்கவில்லை.

நான் எதிர்ப்பது ஒன்றைத்தான். கணக்கில் குறைந்ததைக் காட்டில் பிடித்து நிரப்புவது. 2016இல் மறுபடியும் அதே சுவாசிலாந்திலிருந்து பதினேழு யானைகள் அமெரிக்காவின் டாலஸ், ஓமஹா, விச்சிட்டா நகரங்களுக்குப் போயின. ஸிம்பாப்வே நூற்றுக்கு மேற்பட்ட இளம் யானைகளைச் சீனாவுக்கு விற்றது. 2019 ஓகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் (அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாடு, ஸிம்பாப்வேயும் பொட்ஸ்வானாவும் காட்டில் பிடித்த யானைகளை ஆப்பிரிக்காவுக்கு வெளியே அனுப்புவதற்கு, விதிவிலக்கான சந்தர்ப்பங்கள் தவிர, கட்டுப்பாடு போட்டது. அதன் பிறகும் 2022இல் நமீபியாவிலிருந்து இருபத்திரண்டு யானைகள் ஐக்கிய அரபு அமீரகம் போய்ச் சேர்ந்தன.

ஆப்பிரிக்காவில் யானை மிதமிஞ்சிவிட்டது என்று அனுப்புகிறவர்கள் சொல்வார்கள். தெற்கே சில இடங்களில் நெருக்கடி உண்மைதான். பயிரையும் உயிரையும் இழக்கும் விவசாயிகளின் வேதனையை நாம் தூரத்தில் இருந்து தள்ளிவிடக் கூடாது. ஆனால் 2016இல் வெளியான பெரும் கணக்கெடுப்பு, ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் சவன்னா யானைகள் 2007க்கும் 2014க்கும் இடையில் ஏறத்தாழ முப்பது வீதம் குறைந்ததைக் காட்டியது. 2021 முதல் சவன்னா யானை அழியும் ஆபத்தில் உள்ள இனம், ஆப்பிரிக்காவின் அடர்காடுகளில் வாழும் மற்ற யானை இனம் அதைவிட மோசமான நிலையில். சில இலட்சம் யானைகள் வாழும் காட்டின் பிரச்சினை, பத்துப் பதினைந்தை விமானத்தில் ஏற்றுவதால் தீராது.

மிருகக்காட்சிசாலைகளில் யானை குறைந்துபோகட்டும். இருப்பவை தாய், மகள், பேத்தி என்று ஒரே இடத்தில், வெயிலும் இடவசதியும் உள்ள ஊரில் இருக்கட்டும். பெண் யானை சாகும்வரை தாயோடு இருக்கும். ஆண் யானை வளர்ந்ததும் பிரிந்து போகும். அதனால்தான் 2012இல் சான் டியேகோவிலிருந்து ஐந்து யானைகளைக் குட்டிகளோடு சேர்த்தே அரிசோனாவின் டூசானுக்கு அனுப்பியதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸூலியும் கொஞ்ச வருடத்தில் தாயைப் பிரிந்துவிடுவான்.

பாஸ் எடு, அம்மா. போனால் அவசரப்படாமல் நின்று பாருங்கள். பராமரிப்பாளர் யாராவது பக்கத்தில் இருந்தால், ஸூலியை எங்கே, எந்த ஆண் யானைகளோடு சேர்க்கப் போகிறார்கள், இனியும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரும் எண்ணம் உண்டா என்று கேள். அவர்கள் சொன்னதை அப்படியே எனக்கு எழுது. மருமகனையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா