பெர்லினிலிருந்து அக்காவுக்கு

பெர்லின்
18.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ, அத்தான், பாப்பா, அம்மா எல்லோரும் நலம்தானே? உன் துறைத் தலைவர் (எச்ஓடி) சொன்னபடி பணம் கட்டி ஒரு கணித இதழில் பேப்பர் போடலாமா என்று பொங்கலன்று ஃபோனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் குக்கர் விசில், பாப்பாவின் கூச்சல். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிகிற சங்கதியும் இல்லை. இன்று ஞாயிறு. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும். ஒரு பாக்கெட் பால் வேண்டுமென்றால்கூடப் பெரிய ரயில் நிலையத்துக்குத்தான் ஓட வேண்டும். நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வேறு வேலை இல்லை, ஆற அமர எழுதுகிறேன்.

முதலில் அம்மாவுக்கு: பொங்கல் சாப்பிட்டேன். பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது, இலங்கைத் தமிழர்கள் கட்டி 2013இல் குடமுழுக்கு செய்த கோயில். வெளியே கை விறைக்கும் குளிர், உள்ளே நெய் வாசனை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி இந்தியாவோ? இங்க என்ன செய்யிறீர்?" என்று கேட்டார். கணிதத்தில் ஆராய்ச்சி என்றேன். "கணக்குக்கு இன்னும் என்ன ஆராய்ச்சி?" என்றார். நல்ல கேள்விதான். சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கொஞ்சம் கம்மி, மற்றபடி குறையில்லை.

நான் வேலை பார்க்கும் இடம் ஹவுஸ்ஃபோக்டைப்ளாட்ஸ் என்ற சதுக்கத்துக்குப் பக்கத்தில். சுரங்க ரயிலிலிருந்து இறங்கி மேலே ஏறினால், படிகளின் முகப்பில் வரிசையாகக் கம்பெனிப் பெயர்கள் எழுதியிருக்கும். எல்லாம் ஒரு காலத்தில் இந்தச் சதுக்கத்தைச் சுற்றி இருந்த ரெடிமேட் துணிக் கம்பெனிகள், பெரும்பாலும் யூதர்களுடையவை. நாஜிகள் வந்ததும் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு ஆட்களை விரட்டினார்கள், பலரைக் கொன்றார்கள். மேலே சதுக்கத்தில் ஆளுயரக் கண்ணாடிகளை நிறுத்தி நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். பெர்லின் பெண்கள் அடுத்த சீசனில் என்ன உடுத்துவார்கள் என்று முடிவான இடத்தில் இப்போது கணிதக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

எங்களுக்கும் ஃபேஷன் உண்டு அக்கா. இப்போது எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் நரம்பு வலைதான், ஏஐக்குப் பின்னால் இருக்கும் கணக்கு. 2019இல் மூன்று பேர் ஜர்னல் ஆஃப் கம்ப்யூட்டேஷனல் ஃபிசிக்ஸில் ஒரு பேப்பர் போட்டார்கள். வகைக்கெழுச் சமன்பாட்டையே நரம்பு வலையின் பிழைக் கணக்கில் சேர்த்துப் பயிற்றுவிக்கும் வழி. அதற்கு மேற்கோள், அதாவது அதைச் சுட்டும் மற்றக் கட்டுரைகள், பத்தாயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதே ஆண்டு, தரவு அறிவியலின் கணிதத்துக்கென்றே சியாம் என்ற பயன்பாட்டுக் கணிதச் சங்கம் தனி இதழ் தொடங்கியது. அதற்கு முன் 2006 வாக்கில் கம்ப்ரெஸ்டு சென்சிங் வந்தபோதும் இதே கூட்டம்தான் என்பார்கள். ஆனால் அதில் சரக்கு இருந்தது. குறைந்த அளவீடுகளிலிருந்து முழுப் படத்தை மீட்கலாம் என்று நிரூபித்தார்கள், எம்ஆர்ஐ எடுக்கும் நேரம் குறைந்தது. ஃபேஷன் என்பதற்காகவே ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை.

உன் எச்ஓடி கொண்டுவந்த விஷயம் வேறு ரகம். நீ சொன்னதை நான் சரியாகப் பிடித்துக்கொண்டேன் என்றால் இதுதான்: நிர்வாகம் ஆளுக்கு வருடம் இரண்டு பேப்பர், ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழ்களில், கேட்கிறது, அதில் மேல் கால்பங்கில் இருக்கும் க்யூ ஒன் இதழ் என்றால் கூடுதல் ஊக்கத்தொகை. ஒரு சிறப்பிதழுக்கு அழைப்பு வந்திருக்கிறது, பணம் கட்ட வேண்டும். தலைப்பு, தொற்றுநோய் பரவலுக்கு ஃப்ராக்ஷனல் ஆர்டர் மாடல், அதாவது பின்ன வரிசைக் கணித மாதிரி. கூடவே, இந்தப் பத்துப் பேப்பரை மேற்கோள் காட்டினால் நல்லது என்று ஒரு பட்டியல்.

பின்ன வகைக்கெழு, அதாவது ஒரு தடவை, இரண்டு தடவை என்றில்லாமல் 0.9 தடவை என்பதுபோல் வகையிடுவது, மட்டமான பொருள் இல்லை. 1967இல் கபூட்டோ கொடுத்த வரையறைக்கு வேலை இருக்கிறது, பழைய அழுத்தத்தை நினைவில் வைத்திருக்கும் பொருள்களுக்கு அது பொருந்தும். 2015இலும் 2016இலும் அந்த வரையறையின் தொகையீட்டுக்குள் ஓரிடத்தில் எல்லையின்றிப் பெருகும் பகுதியை (ஒருமை) எடுத்துவிட்டு இரண்டு புது வரையறைகள் வந்தன. அப்புறம்தான் வெள்ளம். பழைய மாதிரியை எடு, வரிசையை ஒன்றிலிருந்து 0.9 ஆக்கு, நாலு வரைபடம் போடு, பேப்பர் ரெடி. கொரோனா வந்ததும் கேட்கவே வேண்டாம். இந்த வகை வகைக்கெழுக்களை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று 2020இல் நான்கு பேர், பின்ன நுண்கணிதத்துக்கான இதழிலேயே எழுதினார்கள். நீயே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். அந்தப் புது வரையறைகளில் நேரம் பூஜ்யமாக இருக்கும்போது சமன்பாட்டின் இடப்பக்கம் தானாகவே பூஜ்யமாகிவிடும். அப்படியானால் வலப்பக்கமும் அந்தக் கணத்தில் பூஜ்யமாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் தீர்வே இல்லை. நோய் பரவத் தொடங்கும் கணத்தில் எதுவுமே மாறக் கூடாது என்றால் அது என்ன தொற்று?

இருந்தும் இப்படிப்பட்ட பேப்பர்களுக்கு மேற்கோள் குவிகிறது, இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் ஏறுகிறது. அது ஏன் என்றால், அந்த எண்ணைப் போடும் விதம் அப்படி. 2025ஆம் ஆண்டின் எண் வேண்டுமா? 2023, 2024 இரண்டு ஆண்டுகளில் அந்த இதழில் வந்த கட்டுரைகளை 2025இல் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணு, அதை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகு. அவ்வளவுதான். 200 கட்டுரை, 300 மேற்கோள் என்றால் 1.5. உன் பத்தாம் வகுப்புச் சராசரிதான், ஆனால் ஜன்னல் இரண்டே வருடம். உயிரியலில் அது நடக்கும். நம் துறையில் ஒரு கட்டுரையை நடுவர் படித்து முடிக்கவே பல சமயம் ஒரு வருடம் ஆகும். அதைப் படித்து இன்னொருவர் ஏதாவது செய்து, அது அச்சாவதற்குள் ஜன்னல் சாத்தியாகிவிடும். சர்வதேசக் கணித ஒன்றியமும் பயன்பாட்டுக் கணிதத்துக்கான சர்வதேசக் குழுமமும் புள்ளியியலாளர் அமைப்பு ஒன்றும் சேர்ந்து 2008இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. கணித இதழ்களுக்கு வரும் மேற்கோள்களில் சுமார் 90 சதவீதம் அந்த ஜன்னலுக்கு வெளியேதான் விழுகிறது என்று அதில் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கைப் பார்த்து முழு இதழுக்கும் மார்க் போடுகிறோம்.

ஜன்னல் சின்னது என்று தெரிந்தவர்கள் அதை நிரப்புவது சுலபம். பயன்பாட்டுக் கணித இதழ் ஒன்று 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு தன் துறையின் இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. 2008இல் அதன் எண் 8.91. அடுத்த இடத்தில் இருந்த கூராண்ட் நிறுவன இதழுக்கு 3.69. சியாம் ரிவ்யூவுக்கு 2.80, நாமெல்லாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் இதழுக்கு! சியாமின் தலைவராக இருந்த டக்ளஸ் அர்னால்டும் இன்னொருவரும் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்து 2011இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் நோட்டீசஸில் எழுதினார்கள். ஏதோ ஒரு மாநாட்டுத் தொகுப்பின் ஒரே ஓர் இதழிலிருந்து மட்டும் 294 மேற்கோள், எல்லாம் சரியாக அந்த இரண்டு வருட ஜன்னலுக்குள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதுவே. அந்தத் தொகுப்பின் பொறுப்பாளர் யார் என்று பார்த்தால், முதலிடத்து இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர். அந்த இதழுக்கு 2008இல் வந்த மேற்கோள்களில் பத்துக்கு ஏழு ஜன்னலுக்குள் விழுந்தவை. சியாம் ரிவ்யூவுக்கோ பத்தில் ஒன்றுகூட இல்லை.

நம் பக்கத்து மொய் நோட்டுதான் அக்கா. நீ என் வீட்டு விசேஷத்துக்கு எழுது, நான் உன் வீட்டு விசேஷத்துக்கு எழுதுகிறேன். வித்தியாசம் என்னவென்றால், மொய்யில் குறைந்தபட்சம் சொந்தப் பணம் போகும். உன் எச்ஓடி கொடுத்த பத்துப் பேப்பர் பட்டியல் அந்த நோட்டில் ஒரு பக்கம்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதே. அதிகம் மேற்கோள் பெறும் ஆய்வாளர்கள் என்று வருடாவருடம் பட்டியல் போடும் கிளாரிவேட் நிறுவனம், 2023இல் கணிதத்தை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எண்களை நம்பவே முடியாத நிலைமை. அதையடுத்து, கணிதத் துறையே இல்லாத ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் கணித மேற்கோளில் உலகின் பெரிய பல்கலைக்கழகங்களை முந்திக்கொண்டு நின்றது என்பதும் செய்தியாக வந்தது. போன வருடம் அதே கணித ஒன்றியமும் பயன்பாட்டுக் கணிதக் குழுமமும் மோசடிப் பதிப்புகளைப் பற்றி விரிவாக எழுதி, ஆளெடுக்கும்போது இந்த எண்களைப் பார்க்காதீர்கள், கட்டுரையைப் படியுங்கள் என்று கேட்டுக்கொண்டன. படிப்பதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

உன் கல்லூரி மெக்கானிக்கல் பசங்களிடம் போய்க் கேள், அவர்கள் வடிவமைப்பைச் சோதிக்கும் அன்சிஸ் மென்பொருளில் கடைசியில் வண்ணம் வண்ணமாகத் தெரிவது என்ன என்று. வான் மீசஸ் ஸ்ட்ரெஸ் என்பார்கள், உலோகம் எங்கே விட்டுக்கொடுக்கும் என்று சொல்லும் அளவு. ரிச்சர்ட் வான் மீசஸ் அதை எழுதியது 1913இல். பாலம், பிரஷர் குக்கர், விமானம், எதற்கும் இன்று அந்தக் கணக்கில்லாமல் வடிவமைப்பு இல்லை. அந்தப் பசங்களில் யார் அந்த 1913 கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்கள்? ஒன்று போதிய அளவுக்குப் பயன்பட்டுவிட்டால் அதற்கு மேற்கோள் நின்றுவிடும், பெயர் மட்டும் மென்பொருள் மெனுவில் தங்கிவிடும்.

அந்த வான் மீசஸ் இந்த ஊர்க்காரராகத்தான் இருந்தார். 1921இல் பயன்பாட்டுக் கணிதத்துக்கும் இயந்திரவியலுக்கும் சேர்த்து இங்கே ஓர் இதழ் தொடங்கினார், ஸாம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அந்த இதழ் வேலையில் அவருக்குத் தோள் கொடுத்தவர் ஹில்டா கைரிங்கர். வளைந்த உலோகம் பழைய வடிவத்துக்குத் திரும்பாத நிலையைச் சொல்லும் பிளாஸ்டிசிட்டி சமன்பாடுகளில் அவர் 1930இல் செய்தது இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. இருவரும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்கள். 1933இல் நாஜிகளால் வேலையை விட நேர்ந்தது, இஸ்தான்புல் போய், அங்கிருந்து அமெரிக்கா. மாதத்துக்கு இரண்டு தடவையாவது அந்தச் சுரங்க ரயில் படியில் ஏறும்போது கைரிங்கர் ஞாபகம் வரும், துணிக் கம்பெனிகளோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்றாலும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். போட வேண்டாம். பணம் கட்டிப் போடவே வேண்டாம். சம்பள உயர்வு நின்றால் நீயா தருவாய் என்று கேட்பாய். நியாயம். ஆனால் ஸ்கோபஸில் மெதுவான, ஒழுங்கான இதழ்களும் இருக்கின்றன. நிர்வாகத்துக்கு வேண்டியது பட்டியலில் பெயர்தானே. யுஜிசியே 2022இல் பிஎச்டிக்குக் கட்டாயப் பேப்பர் விதியை எடுத்துவிட்டது, போன வருடம் தான் ஏற்கும் இதழ்களின் கேர் பட்டியலையும் கைவிட்டது. எந்த இதழ் நல்லது என்று கல்லூரியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை. உன் கல்லூரியில் அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் நீதான். கணிதக் கட்டுரைகளுக்கு மதிப்புரை சேர்த்து வைக்கும் ஸென்ட்ரல்பிளாட் தளம் இப்போது எல்லோருக்கும் இலவசம், 2021இலிருந்து. ஓர் இதழின் பெயரைப் போட்டுப் பார். கட்டுரைகளைப் பற்றி யாராவது படித்து நாலு வரி எழுதியிருக்கிறார்களா, இல்லை வெறும் சுருக்கம்தானா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

திருச்சியில் எம்ஃபில் செய்தபோது நீ போட்ட எல்லைப் படலக் கணக்கு, விளிம்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் விடை சட்டென்று மாறுமே அது, எங்கே? எப்சிலான் என்ற சின்ன எண்ணைப் பத்தின் அடுக்கு மைனஸ் எட்டு வரை இறக்கி, படலத்துக்குள் புள்ளிகளை நெருக்கி வைக்கும் ஷிஷ்கின் வலையில் புள்ளிகளை 64, 128, 256 என்று இரட்டிப்பாக்கி அட்டவணை போட்டாயே. பிழை பாதியாகக் குறையாமல் ஒரு லாக் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று ராத்திரி முழுக்கப் புலம்பினாய். எல்லைப் படலம் என்பதையே பிரான்டல் 1904இல் ஹைடல்பர்க் மாநாட்டில் எட்டுப் பக்கத்தில் சொன்னார், ரொம்ப நாள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இங்கே என் குழுவில் தினமும் பேசுவது அதைத்தான், ஓட்டம் அடித்துக்கொண்டு போவது தானாகப் பரவுவதை மிஞ்சும் இடங்களில் கணினித் தீர்வு ஏன் அலைபாய்கிறது, அதை எப்படிக் கட்டுவது என்று. உன் அட்டவணையில் எனக்குத் தெரிந்து ஒரு புது விஷயம் இருந்தது, இரண்டு படலமும் உரசும் இடத்தில். அதை முடித்து ஸாமுக்கோ அது மாதிரி ஒன்றுக்கோ அனுப்பினால் வருடம் ஒன்றாகும், திருப்பியும் அனுப்புவார்கள். அனுப்பட்டும், நடுவர் உண்மையாகவே படித்துவிட்டுத் திட்டுவார்.

பழைய நோட்டு அம்மா பீரோவின் மேல்தட்டில், கல்யாண ஆல்பங்களுக்குக் கீழே இருக்கும். பக்கம் பக்கமாக ஃபோட்டோ எடுத்து அனுப்பு. நிரலை நான் புதிதாக எழுதித் தருகிறேன், நிரூபணம் உன் பாடு.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். பாப்பாவுக்கு மரப் பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன், மார்ச்சில் சென்னைக்கு வரும் நண்பர் கையில் கொடுத்து விடுகிறேன். அவர் திரும்பும்போது அரைக் கிலோ சாம்பார்ப் பொடி.

இப்படிக்கு,
உன் தம்பி
குமரன்

பி.கு.: அந்தப் பத்துப் பேப்பர் பட்டியலையும் மறக்காமல் அனுப்பு. பத்தில் எத்தனை அந்தச் சிறப்பிதழ் ஆசிரியருடையது என்று பார்க்க வேண்டும்.