‘இத்துடன் முடிந்தது’ என்று ஒரு வரி போடுங்கள்

செயலிகளை வடிவமைக்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். பத்து நாளைக்கு முன்னால் என் போனிலிருந்து ஒரு செயலியை அழித்தேன். இன்றைக்கும் போனைத் திறந்தவுடன் கட்டைவிரல் தானாகப் போய் அந்த ஐகான் இருந்த இடத்தைத்தான் தொடுகிறது. அங்கே இப்போது கால்குலேட்டர் இருக்கிறது. ஒரு கணக்கும் போடாமல் ஒரு நாளைக்கு எத்தனை முறை கால்குலேட்டரைத் திறந்து மூடுகிறேன் என்று கவனித்த பிறகுதான், இவ்வளவு நாளும் ‘சும்மா ஒரு நிமிஷம் பார்க்கிறேன்’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது, நானாக நினைத்துச் செய்ததே இல்லை என்று உறைத்தது.

கட்டுப்பாடாக இருங்கள் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறது. நானும் இருந்து பார்த்தேன். அறிவிப்புகளை அணைத்தேன், திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன் (இது நிஜமாகவே உதவியது, நிறம் போனதும் பாதி ஆசை போய்விடுகிறது), நேர வரம்பு வைத்தேன். எவ்வளவு நேரம் போனில் போகிறது என்று காட்டும் வசதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்குமே 2018-ல் வந்துவிட்டது. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டதால் கை நிற்கவில்லை, ஏனென்றால் நிற்பதற்கு உங்கள் செயலிக்குள் ஓர் இடமே இல்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

முன்பெல்லாம் இணையப் பக்கம் ஒன்று முடியும். கீழே 1, 2, 3 என்று எண்கள் இருக்கும், அடுத்த பக்கம் வேண்டுமென்றால் அதை அழுத்த வேண்டும். அழுத்தும் முன் வருகிற அந்த அரை விநாடியில்தான் ‘சரி, போதும், எழுந்து வேலையைப் பார்ப்போம்’ என்ற நினைப்பு வரும். 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் பக்கத்தை உருவாக்கினார். ஒவ்வொரு முறையும் அழுத்துகிற சிரமத்தை மிச்சப்படுத்தத்தான் செய்தார், ஆனால் போதும் என்ற நினைப்பு வருகிற இடமும் அந்தச் சிரமத்தோடு சேர்ந்து போய்விட்டது. அவரே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டு வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டபிறகும் அப்படியே வைத்திருக்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது.

வீடியோவிலும் இதே கதைதான். ஒரு ராத்திரி அலாரம் வைக்கத்தான் போனை எடுத்தேன், ஒரு வீடியோ கண்ணில் பட்டது, அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது, அப்புறம் இன்னொன்று. படுக்கும்போது மணி ஒன்று. காலையில் பிந்தித்தான் எழுந்தேன், அலாரத்தை வைக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால், தொடர்ந்து பார்க்க நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, நிறுத்தத்தான் ஏதாவது செய்ய வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனிதனிடம் இது நியாயமா? தயவுசெய்து இதைத் திருப்பிப் போடுங்கள். ஒன்று முடிந்தால் நிற்கட்டும், இன்னும் வேண்டும் என்றால் நாங்கள் தொட்டுக்கொள்கிறோம்.

இது முடியாத காரியம் இல்லை, உங்களில் ஒரு சாரார் செய்தும் காட்டியிருக்கிறீர்கள். கடைசி இரண்டு நாளில் நண்பர்கள் போட்டதையெல்லாம் பார்த்து முடித்ததும், எல்லாம் பார்த்தாயிற்று என்று சொல்லும் ஒரு குறிப்பை 2018-ல் இன்ஸ்டாகிராமில் வைத்தார்கள். ஒரு பச்சை டிக், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் போனை வைத்துவிடலாம். 2020-ல் அந்தக் குறிப்புக்குக் கீழேயே, நாம் பின்தொடராதவர்களின் பதிவுகளைப் பரிந்துரை என்று வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்கள். முடிவு என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே தொடர்ந்தால் அதை யார் முடிவு என்று நம்புவார்கள்?

அறிவிப்புகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு 13 வந்ததிலிருந்து புதிதாக நிறுவும் செயலி எங்களிடம் அனுமதி கேட்டுத்தான் அறிவிப்பு அனுப்ப முடியும், நல்லது. ஆனால் நண்பர் எழுதினால் தெரியட்டுமே என்று கொடுத்த அனுமதியில், ‘உங்களுக்குப் பிடிக்கக்கூடிய பதிவு’ என்று நாளுக்கு நாலு முறை கூப்பிடுகிறீர்கள். ஒரு மனிதர் எனக்கென்று எழுதினால் மட்டும் கூப்பிடுங்கள்.

நாங்கள் எவ்வளவு நேரம் இருக்கிறோமோ அவ்வளவு விளம்பரம், அதில்தான் உங்கள் சம்பளம் என்பது தெரியும். கூட்டத்தில் எழுந்து ‘இங்கே ஒரு முடிவு வைக்கலாமே’ என்று சொல்வது சுலபமில்லை என்பதும் தெரியும். இருந்தும் உங்களிடம்தான் கேட்கிறேன், ஏனென்றால் அந்தத் திரையை வரைகிற கை உங்களுடையது, நீங்களும் ராத்திரியில் அதே திரையைத்தான் தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு செயலியிலாவது அந்த வரி வந்து, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். அழித்ததைத் திரும்ப நிறுவிக்கொள்கிறேன். என் பள்ளிக்கால நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துப் பத்து நாளாகிறது.

அன்புடன்,
உங்கள் செயலியைப் பயன்படுத்திய ஒருத்தி