புல்வெளிக்கு உரம் போடச் சொல்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேய்ச்சல் நில மேம்பாட்டுத் திட்டங்களைத் தீட்டுகிறவர்களுக்கு,

வணக்கம். ஹெக்டேருக்கு எத்தனை டன் புல் என்பதுதான் உங்கள் திட்டங்களின் அளவுகோல். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) போட்டால் அந்தக் கணக்கு பெரும்பாலும் கூடும். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்தப் புல்லுக்குக் கீழே மண்ணில் குடியிருக்கும் நுண்ணுயிர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை.

நியூட்ரியன்ட் நெட்வொர்க் என்ற கூட்டு ஆய்வில், பல நாட்டுப் புல்வெளிகளில் ஒரே முறையில் உரமிட்டுப் பார்க்கிறார்கள். தழைச்சத்து ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 10 கிராம், அதாவது ஹெக்டேருக்கு 100 கிலோ. அவற்றில் 25 புல்வெளிகளின் மண்ணைப் பரிசோதித்த முடிவுகள் 2015இல் வந்தன. மண்ணும் மழையும் இடத்துக்கு இடம் வேறு. ஆனாலும் மாற்றம் ஒரே திசையில் இருந்தது. கிடைத்ததைத் தின்று வேகமாகப் பெருகும் பாக்டீரியாக்களின் பங்கு கூடியது. குறைந்த சத்தில் மெல்லப் பிழைக்கும் வகைகளின் பங்கும், செடியின் வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகளின் பங்கும் குறைந்தன.

வேர்ப்பூஞ்சை குறைவதில் வியப்பில்லை. செடி தான் செய்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. பூஞ்சை, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து தருகிறது. மணிச்சத்தை நீங்களே வேரடியில் கொட்டிவிட்டால் செடி எதற்குச் சர்க்கரை கொடுக்கும்? சரி, போனால் போகட்டும் என்று விட முடியாது. மண் துகள்களைப் பிணைத்து வைப்பதில் அந்தப் பூஞ்சை இழைகளுக்கும் பங்கு உண்டு. உரத்தை நிறுத்திய மறுநாளே அவை பழையபடி திரும்பிவிடும் என்று திட்டம் போடுவது சூதாட்டம்.

இன்னொன்று. மண்ணில் எத்தனை வகை நுண்ணுயிர் என்று எண்ணிப் பார்த்து, 'பெரிதாகக் குறையவில்லையே' என்று யாராவது அறிக்கை தந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். தலைக்கணக்கு அப்படியே இருக்கும்போதே ஆட்கள் மாறியிருக்கலாம். யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று கேளுங்கள்.

நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் புல்வெளிச் சோதனை இருக்கிறது. 1856இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. அங்கே அமோனியம் சல்பேட் என்ற தழைச்சத்து உரம் போட்ட பாத்திகளில், அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்பு இடாத இடங்களில் மண் கடுமையாகப் புளித்துவிட்டது. அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேலையில் அமிலம் வெளிப்படுகிறது. பாவம், அவை தம் வேலையைத்தான் செய்கின்றன. அமிலம் ஏறிய மண்ணில் புல்வகைகள் சிலவாகச் சுருங்கின. காய்ந்த புல் சரியாக மட்காமல் மேலே பாய்போல் படிந்து கிடக்கிறது. உரமே போடாத பாத்திகளிலோ செடிவகைகள் அதைவிடப் பல மடங்கு.

தீவனம் வேண்டும், கால்நடை வளர்ப்பவருக்கு வருமானமும் வேண்டும். விதைத்து வளர்க்கும் தீவனப் புல்லுக்கு உரமிடுங்கள், நான் குறுக்கே வரவில்லை. பல வகைச் செடிகள் தாமாக வளரும் பழைய புல்வெளியையும் அதே பட்டியலில் சேர்ப்பதுதான் தவறு.

கேட்பது இவ்வளவுதான். உரமிடும் ஒவ்வொரு புல்வெளியிலும் ஒரு பட்டையை உரமில்லாமல் விட்டுவையுங்கள். உரமிடும் முன்பும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், இரண்டு பக்கத்திலும் மண்ணின் அமிலநிலையையும் வேர்களில் பூஞ்சை எவ்வளவு பற்றியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அந்த அளவுகளை டன் கணக்குக்குப் பக்கத்திலேயே, அதே தாளில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மண்ணைக் கிளறிப் பார்க்கும் பழக்கமுள்ள ஒருவர்